சுவரை உடைத்து வழி விட்டபின் சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 1980, 90களில் கட்டிய சாதாரண வீடுகளை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள். 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரில் 4 அடி அகலத்துக்கு வழி விடவேண்டும். அல்லது விட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று நிற்கிறீர்கள். வெறும் உடைப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். சுவரை மறுபடி சுவராக்குவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டையும் வேறு வேறு ஆளிடம் கொடுத்த வீடுகளில்தான் பூச்சு அதிகம் வெடிக்கிறது. உடைத்தவர் விட்டுப்போன கோளாறை மூடி மறைக்கப் பூச்சுக்காரருக்கு ஓரளவுக்கு மேல் வழி கிடையாது.

எங்கள் சுவர் பாரம் தாங்கும் சுவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

9 அங்குலச் சுவர் என்றால் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். கதவு இருக்கும் இடத்தில் டேப் வைத்து அளந்தால் பூச்சோடு சேர்த்துச் சுமார் 10 அங்குலம் வரும். 5½ வந்தால் அது 4½ அங்குலத் தடுப்புச் சுவர். அதிலும் மாடியில் அதே இடத்தில் இன்னொரு சுவர் நிற்கிறதா, லாஃப்ட் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைக்கவேண்டும்.

"எங்களது பில்லர் வீடு, சுவரை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. போர்ட்டிகோவில் இரண்டு தூண் நிற்பதால் வீடு முழுக்கத் தூணில் நிற்கிறது என்று ஆகிவிடாது. முன்பக்கம் மட்டும் தூண், உள்ளே தளம் முழுக்கச் சுவரின்மேல் என்று கட்டிய வீடுகள் எத்தனையோ. சம்பந்தப்பட்ட சுவருக்கு மேலேயே தளத்துக்கடியில் பீம் ஓடி, அதன் இரு முனையும் தூணில் உட்கார்ந்திருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும்.

இன்னும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் விஷயம் கண்ணுக்கே தெரியும். தேக்குக் கட்டைகள் எந்தச் சுவரில் போய் உட்காருகின்றனவோ அந்தச் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது.

4 அடி வழிதானே, லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் கான்கிரீட் விட்டம்) எதற்கு? செங்கல் தானே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாதா?

கொஞ்சம் பிடிக்கும். திறப்புக்கு மேலே போதிய உயரத்துக்குச் சுவர் இருந்தால் பாரம் இரு பக்கமும் சாய்ந்து இறங்கிவிடும். நடுவில் ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும் செங்கல் மட்டும் லிண்டலில் உட்காரும். ஆனால் 4 அடித் திறப்பின்மேல் 60 பாகைச் சாய்வில் அந்த முக்கோணத்தைப் போட்டால் அதன் உயரம் ஏறக்குறைய 3½ அடி. நம் வீடுகளில் லிண்டல் மட்டம் 7 அடி, தளம் 10 அடி. நடுவில் இருக்கும் சுவர் 3 அடிக்கும் குறைவு. ஆகவே தளத்தின் பாரமும் லிண்டல்மேல் வந்துவிடும். மாடி இருந்தால் மாடிச் சுவரும் சேர்ந்து வரும். கம்பி எத்தனை, எந்தத் தடிமன் என்பதை அந்தக் கணக்கைப் போட்டுத்தான் முடிவுசெய்யவேண்டும். "வழக்கமாகப் போடுவது" என்ற கணக்கு இங்கே உதவாது.

பல வீடுகளில் 7 அடி மட்டத்தில் எல்லாச் சுவரிலும் லிண்டலைத் தொடர்ச்சியாக ஓட்டியிருப்பார்கள். சுவரில் அந்த மட்டத்தில் ஒரு சிறு குழி பறித்துப் பாருங்கள். கான்கிரீட் தட்டுப்பட்டால் நல்லது, ஆனால் அதுவே போதும் என்று பொருளில்லை. கீழே முழுச் சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்த இடத்தில் கம்பியைக் குறைத்துப் போட்டிருக்கலாம்.

சரியான முறை எது?

முதலில் லிண்டல், பிறகு உடைப்பு. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

திறப்பின் நான்கு மூலையிலும் டிரில்லால் சுவரைத் துளைத்து, மறுபக்கம் அதே துளைகளை வைத்துக் கோடு போடுங்கள். இரு பக்கமும் தனித்தனியாக அளந்து போட்ட கோடுகள் ஒத்துப்போவது அபூர்வம். தளத்துக்கு இரு பக்கமும், சுவரிலிருந்து 2, 3 அடி தள்ளி, இரும்பு ஜாக்கி முட்டு கொடுக்கவேண்டும். மேலேயும் கீழேயும் பலகை வைத்து நிறுத்துங்கள். மாடியில் செய்கிற வேலை என்றால் கீழ்த்தளத்திலும் அதே நேரே முட்டு வேண்டும்.

பிறகு சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும், பாதித் தடிமனுக்கு, லிண்டல் உட்காரும் பள்ளத்தை வெட்டவேண்டும். நீளம் திறப்பின் அகலத்தோடு இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம், முடிந்தால் 9 அங்குலம் கூடுதல். முன்பே வார்த்துப் பதப்படுத்திய 4½ அங்குல அகல லிண்டலை அதில் ஏற்றி, மேலே இருக்கும் இடைவெளியில் ஈரம் குறைந்த 1:3 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) கட்டையால் இடித்து இறுக்கவேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் கசியக்கூடாது. இந்த இறுக்கம்தான் முக்கியம். தளர்வாக விட்டால் முட்டுகளை எடுத்ததும் மேலே உள்ள சுவர் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கி உட்காரும். அது பூச்சில் படுக்கை விரிசலாகத் தெரியும். சில நாள் கழித்து மறுபக்கப் பாதியையும் அதேபோலச் செய்துவிட்டு, கலவை இறுகியபின் கீழே உடைக்கலாம்.

வார்த்த லிண்டலில் முதன்மைக் கம்பி கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும். காய்ந்தபின் எது மேல், எது கீழ் என்று பார்வைக்குத் தெரியாது. வார்க்கும்போதே மேல்பக்கத்தில் அம்புக்குறி கீறிவிடச் சொல்லுங்கள்.

உடைத்தாயிற்று. லிண்டல் போடவில்லை. சுவர் அப்படியேதான் நிற்கிறது. ஆபத்தா?

ஆபத்து. மேலே இருக்கும் செங்கல் பழைய கலவையின் பிடிப்பில் தொங்குகிறது. அந்த வழியில் நடமாட்டத்தை இன்றே நிறுத்துங்கள். இரு பக்கமும் தளத்துக்கு முட்டு கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பூச்சைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இந்த நிலையில் பெரும்பாலும் தளர்ந்த செங்கலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பலகை அடித்து லிண்டலை வார்ப்பார்கள். சிறு ஜல்லி போட்ட கான்கிரீட்டைப் பக்கவாட்டில் ஊற்றிக் குத்தி, அது இறுகியபின், மேலே விட்ட இடைவெளியை முன்பு சொன்ன இறுக்கக் கலவையால் அடைக்கவேண்டும். ஈரக் கான்கிரீட் காயும்போது சற்றுச் சுருங்கும். அதனால் மேல்மட்டம் வரை ஊற்றிவிட்டாலும் சந்து விழத்தான் செய்யும். 6 மீட்டர் வரையுள்ள பீம்களின் முட்டுகளை 14 நாளைக்கு முன் எடுக்கக்கூடாது என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி. லிண்டல் சிறியதுதானே என்று மூன்றாம் நாள் முட்டுகளைத் தட்டிவிடுவது வாடகை மிச்சம் பிடிக்கும் வேலை.

அந்தச் சுவரில் லாஃப்ட் இருக்கிறது. இறக்கிவைத்துவிட்டால் போதுமா?

சாமான்களை இறக்கினால் மட்டும் போதாது. லாஃப்ட் பலகை சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால், அது கவிழாமல் இருப்பதே அதன் வேர்மேல் உட்கார்ந்திருக்கும் சுவரின் பாரத்தால்தான். கீழே சுவரை எடுத்தால் லிண்டலுக்கு வளைவு மட்டுமல்ல, முறுக்கும் சேர்ந்து வரும். என் யோசனை: அந்த நீளத்துக்கு லாஃப்டை எடுத்துவிடுங்கள். பழைய பித்தளைப் பானைக்கு வேறு இடம் கிடைக்கும்.

உடைக்கும்போதே என்ன கவனித்தால் பின்வேலை குறையும்?

கோட்டை ஒட்டிக் கட்டிங் மெஷினால் பூச்சையும் செங்கலின் மேல்பகுதியையும் இரு பக்கமும் அறுத்துவிட்டு, அதற்குள்ளே மட்டும் சுத்தியலும் உளியும் போகவேண்டும். அறுக்காமல் சம்மட்டியால் அடித்தால், கோட்டுக்கு வெளியே அரை அடி, ஓர் அடி வரை பழைய பூச்சு செங்கலைவிட்டு எழும்பிவிடும். பார்க்க ஒட்டியிருப்பதுபோலவே இருக்கும். கரண்டிப் பிடியால் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும். அந்தப் பூச்சின்மேல் எத்தனை நல்ல பூச்சை இணைத்தாலும் இரண்டும் சேர்ந்து விழும். அறுக்கும்போது தூசி வீடு முழுக்கப் பரவும். ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் ஷீட்டோ கட்டி மறையுங்கள், அறுப்பவர் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டிருக்கட்டும்.

மேலிருந்து கீழாக, வரிவரியாகக் கல்லை எடுக்கவேண்டும். கீழே குடைந்து மொத்தமாகச் சரிய விடுவது வேகமாக முடியும், ஆளையும் முடிக்கும்.

இடிபாடு எவ்வளவு வரும்?

நினைப்பதைவிட அதிகம். 4 × 7 அடி, 9 அங்குலச் சுவர் என்றால் 21 கன அடி. எடை ஒரு டன்னுக்கு மேல். மாடியில் வேலை நடந்தால் இதை அறை நடுவில் குவிக்காதீர்கள். வீட்டுத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் கணக்கிடுவார்கள். அதே ஒரு டன் இரண்டு சதுர மீட்டரில் குவிந்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஆகிவிடும். உடைக்க உடைக்கச் சாக்கில் கட்டி இறக்கிவிடச் சொல்லுங்கள். முழுச் செங்கல் தேறினால் ஒதுக்கிவையுங்கள், பக்கவாட்டைக் கட்ட அதுவே பொருத்தம். மீதியை வாய்க்காலிலும் காலி மனையிலும் கொட்டாதீர்கள். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் இடிபாட்டுக் கழிவு நிலையங்கள் இருக்கின்றன.

சுவருக்குள் ஒயரோ குழாயோ போனால்?

மெயினை அணைத்தால் மட்டும் போதாது, இன்வர்ட்டரையும் அணைக்கவேண்டும். இதை மறப்பதுதான் அதிகம் நடக்கிறது. மெயின் போனாலும் ஃபேன், லைட் சர்க்யூட்டில் இன்வர்ட்டர் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்ச் போர்டிலிருந்து பைப் நேராக மேலே ஏறுவதுதான் வழக்கம் என்பதால், போர்டுக்கு மேலும் கீழும் உள்ள நேர்க்கோட்டைத் தவிர்த்துத் திறப்பைத் தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் எலக்ட்ரீஷியன் முதலில் ஒயரை உருவி வேறு வழியில் கொண்டுபோகட்டும். ஒட்டுப்போட்ட ஒயரைப் பூச்சுக்குள் புதைக்கக் கூடாது. மூடி திறக்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில்தான் இணைப்பு இருக்கவேண்டும்.

உடைத்த பக்கங்கள் பல்லும் சொட்டையுமாக இருக்கின்றன. கலவையை அப்பி நேராக்கிவிடலாமா?

அரை அங்குலப் பள்ளம் என்றால் அப்பலாம். அரைக் கல், முக்கால் கல் அளவுக்குக் குழி இருந்தால் கல் வைத்தே கட்டவேண்டும். ஆடுகிற துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, தூசியைத் துடைப்பத்தால் தட்டித் தண்ணீர் அடித்து, நனைத்த செங்கல் துண்டுகளைப் பழைய வரிகளுக்குள் பல் கோத்து 1:5 கலவையில் கட்டுங்கள். லிண்டல் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் இரண்டு, மூன்று வரிகள் முழுக் கல்லாக இருக்கவேண்டும். பாரம் அத்தனையும் இறங்குவது அங்கேதான். துண்டுக் கல்லும் கலவையுமாக அந்த இடத்தை நிரப்பி வைத்தால் நாளடைவில் நசுங்கும்.

தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் செங்குத்தா, மூலைமட்டம் வைத்து மேல் மூலைகள் நேரா என்று பூச்சுக்கு முன்பே பாருங்கள். கால் அங்குலம் வளைந்திருந்தால் பூச்சில் சரிக்கட்டலாம், ஓர் அங்குலத்தைச் சரிக்கட்ட முடியாது.

பூச்சுக் கலவை என்ன விகிதம்? பழையதோடு எப்படி இணைப்பது?

உள்சுவருக்கு 1:5 அல்லது 1:6. லிண்டலின் கான்கிரீட் பரப்புக்கு 1:4. வெளி மூலைகளில் அடி படும் என்பதால் 1:3 வைத்துக் கூர்மையை லேசாக மழுக்கிவிடலாம். மணல் என்றால் பூச்சுக்கான பி-சாண்ட். கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் பரும்படியாக இருக்கும். கிரஷர் தூசியை மணல் என்று இறக்கினால் திருப்பி அனுப்புங்கள், அந்தப் பூச்சு வலைவலையாக வெடிக்கும். சிமெண்டை அதிகம் போட்டால் பலம் என்ற நினைப்பும் தப்பு. பழைய சுவரில் ஒட்டுப்போடும்போது சிமெண்ட் கூடக்கூடச் சுருக்கமும் கூடும். சுருக்கம் தெரியும் இடம் பழையதும் புதியதும் சேரும் கோடுதான்.

வேலை இப்படிப் போகவேண்டும். வெற்றுச் சத்தம் வரும் பூச்சை எல்லாம் எடுத்து, உறுதியான இடத்தில் நேர்க்கோடாக அறுத்து விளிம்பை நிறுத்துங்கள். கான்கிரீட் பரப்பை நன்றாகக் கொத்திவிடுங்கள். செங்கலும் லிண்டலும் சேரும் கோட்டின்மேல், இரு பக்கமும் 6 அங்குலம் படியும்படி, துத்தநாகம் பூசிய கோழிவலை அடிக்கவேண்டும். வலை செங்கலோடு ஒட்டிக் கிடந்தால் பயனில்லை. ஆணிக்கடியில் ஏதாவது சிறு வில்லை வைத்து, பூச்சின் தடிமனுக்கு நடுவே வரும்படி தூக்கி நிறுத்துங்கள். முந்தின நாள் மாலை சுவரை நனைத்து, பூசுவதற்குச் சற்று முன் மறுபடி நனைக்கவேண்டும். ஈரம் இருக்கவேண்டும், தண்ணீர் வழியக்கூடாது. பழைய விளிம்பில் சிமெண்ட் பால் தடவி, அது காய்வதற்குள் கலவையை ஏற்றுங்கள்.

தடிமன் 20 மி.மீ.க்கு மேல் போனால் இரண்டு அடுக்காகப் பூசவேண்டும். முதல் அடுக்கைக் கீறிவிட்டு அடுத்த நாள் இரண்டாவது. மட்டப்பலகையைப் பழைய சுவரின்மேல் ஊன்றி இழுத்து, புதுப் பூச்சை ஓரிரு மி.மீ. உள்ளே தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தைப் பட்டி நிரப்பிக்கொள்ளும். மேடாகிவிட்டால் மறைக்க வழியில்லை. மணியாஸ் கட்டை (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் பலகை) போடும்போது ஈரத்தை உறிஞ்ச உலர் சிமெண்ட் தூவும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. கண்டால் நிறுத்துங்கள். மேல்தோல் மட்டும் கெட்டியாகி முடிவிரிசல் விடும்.

எங்களது சுண்ணாம்புச் சுவர். இதே முறைதானா?

இல்லை. மென்மையான சுண்ணாம்புப் பூச்சின் பக்கத்தில் கெட்டியான சிமெண்டை ஒட்டினால் பழையதுதான் தோற்கும், விளிம்பு பொடிந்து உதிரும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை ஓரளவு இரண்டுக்கும் ஒத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சிமெண்டே வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் பளிங்குபோல் மின்னும் பூச்சு இருக்கிறதே, அதில் ஒட்டுப்போட்டு நிறம் சேர்த்தவரைக் காண்பது அரிது. அங்கே திறப்பைச் சுற்றி அகலமான மரச்சட்டம் அடித்து விளிம்பை மறைத்துவிடுவதே மரியாதை.

எத்தனை நாள் தண்ணீர் ஊற்றவேண்டும்?

லிண்டல் கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் 10 நாள் என்கிறது ஐ.எஸ். 456. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி.தான். மூட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பூச்சுக்கும் ஒரு வாரம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. உள்சுவர் என்பதால் வெயில் படாது, ஆனால் ஃபேன் காற்று அதே வேலையைச் செய்துவிடும். அந்த அறையின் ஃபேனை முதல் சில நாள் போடாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவது நல்லது.

இணைப்புக் கோட்டில் விரிசல் வந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

எந்த விரிசல் என்பதைப் பொறுத்தது. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் கோட்டிலேயே, மயிரிழை அளவில், முதல் சில வாரங்களில் வந்தால் அது சுருக்கம். ஓரிரு மாதம் விட்டுவிடுங்கள். எல்லாம் அடங்கியபின் வி வடிவில் கீறி, அக்ரிலிக் விரிசல் பசையால் நிரப்பி, மேலே ஃபைபர் டேப் ஒட்டிப் பட்டி பார்த்தால் முடிந்தது. அவசரப்பட்டு மறுவாரமே அடைத்தால் திரும்ப வரும்.

திறப்பின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் வேறு சாதி. லிண்டல் வளைகிறது அல்லது அதன் முனை உட்காருகிறது என்று பொருள். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். குறுக்கே ஒரு துண்டுக் கண்ணாடியைக் கலவையால் ஒட்டிவையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ கண்ணாடி உடைந்தாலோ, மாடிக் கதவு திடீரென்று இறுகினாலோ, பெயிண்டரை அல்ல, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சுவர் நின்ற இடத்தில் தரையில் 10 அங்குலப் பட்டை வெறுமையாக இருக்கிறது.

இதை எல்லோரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலிலேயே யோசித்திருந்தால் செங்கலைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல் 3 அங்குலம் கீழே வரை வெட்டி எடுத்திருப்பீர்கள். கான்கிரீட்டும் கலவையும் கல்லும் உட்கார அந்த ஆழம் தேவை. வெட்டியபோது கரையான் தடம் தெரிந்தால், மூடுவதற்கு முன் மருந்து அடித்துவிடுங்கள்.

பழைய மொசைக்கிலோ ரெட் ஆக்சைடிலோ ஒட்டுப்போட்டு நிறம் சேர்க்கப் போராட வேண்டாம், சேராது. தெரிகிற மாதிரியே ஒரு கடப்பா கல் பட்டையோ கருப்பு கிரானைட்டோ போடுவது அழகு. இரண்டு அறைக்கும் தரைமட்டம் அநேகமாக ஒன்றாக இருக்காது. கல்லின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து அந்த வித்தியாசத்தைத் தீர்க்கலாம், கால் இடறாது. சுவர்ப்பூச்சைத் தரைக்கு 4 அங்குலம் மேலேயே நிறுத்திவைத்து, கல் பதித்தபின் ஸ்கர்ட்டிங்கோடு முடியுங்கள்.

கதவு வைக்கவேண்டும் என்றால்?

பூச்சுக்கு முன்பே நிலையை நிறுத்தி, ஹோல்ட்ஃபாஸ்டுகளை (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டைகள்) கான்கிரீட்டில் பதித்துவிடவேண்டும். உடைப்பதற்கு முன்பே நிலையின் வெளி அளவு கையில் இருக்கட்டும்.

பெயிண்ட் அடித்தும் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதே?

பூச்சு முழுசாகக் காயாமல் அடித்திருப்பீர்கள். நான்கு வாரம் காய விடுவது நல்லது. சந்தேகம் என்றால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்ளே முத்துமுத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

பழைய டிஸ்டம்பர் அல்லது சுண்ணாம்பு அடித்த பரப்பில் கையை வைத்துத் தேய்த்தால் வெள்ளை ஒட்டும். அதைச் சுரண்டாமல் பட்டி போட்டால் பட்டியும் சேர்ந்து உரியும். இணைப்புக் கோட்டைத் தாண்டிப் பழைய சுவரிலும் ஒன்றரை, இரண்டு அடி வரை பட்டியை மெலிதாக இழுத்துப் பரப்பவேண்டும். பட்டியின் இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒன்றரை மி.மீ. அளவுதான். ஆழமான பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினால் வெடிக்கும். தேய்த்தபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். கடைசியாக, ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள். மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் அடியுங்கள்.

எங்களது அடுக்குமாடிக் குடியிருப்பு. சுவர் செங்கல் இல்லை.

மிவன் முறையில் கட்டிய கட்டடம் என்றால் சுவரே கான்கிரீட், அதுதான் கட்டடத்தைத் தாங்குகிறது. அங்கே வழி விடும் பேச்சே வேண்டாம். தூண், பீம் போட்டு நடுவில் ஹாலோ பிளாக்கோ (உள்ளே பொந்துள்ள கான்கிரீட் கல்) ஏஏசி பிளாக்கோ (எடை குறைந்த காற்றறைக் கான்கிரீட் கல்) வைத்திருந்தால், சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதியோடு செய்யலாம். ஹாலோ பிளாக்கை வெட்டினால் பக்கவாட்டில் பொந்து திறந்துகொள்ளும். அதில் கான்கிரீட் நிரப்பிய பிறகே நிலையோ பூச்சோ. ஏஏசி பிளாக் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். லேசாக நனைத்து, இணைப்புகளில் வலை அடித்து, சிமெண்ட் குறைந்த கலவையாகப் பூசவேண்டும்.

வாஸ்துப்படி வழியைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.

ஓர் அடி தள்ளுவதில் நஷ்டமில்லை, சுவர்ச் சந்திப்பிலிருந்து குறைந்தது இரண்டு அடியாவது தள்ளியிருந்தால். தூணையோ பீமையோ வெட்டச் சொன்னால் வாஸ்துக்காரரையும் பொறியாளரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள்.

கொத்தனாரிடம் வேலையை எப்படிப் பேசுவது?

உடைப்பு, லிண்டல், கட்டு, பூச்சு, தரைப்பட்டை எல்லாவற்றையும் ஒரே ஆளிடம், ஒரே பேச்சாக. நாள் கூலி என்றால் நடுவில் காத்திருக்கும் நாட்களுக்குக் கூலி உண்டா இல்லையா என்று முதலிலேயே தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் நிற்கமாட்டார், லிண்டல் இறுகவும் விடமாட்டார். 4 அடி வழி ஒன்றுக்கு, வார்ப்பும் பூச்சும் சேர்த்து இரண்டு மூட்டை சிமெண்ட் தாராளம். பத்து மூட்டை கேட்டால் கணக்குக் கேளுங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை பூச்சு முடிந்த அன்றல்ல, நான்கு வாரம் கழித்துப் பட்டி பார்க்க ஆள் வரும் நாளில்.